சராசரி

கணபதி தாண்டி, சத்தி ரோட்டில்,
மாவு மில்லுக்கும் லேத் பட்டறைக்கும் நடுவே
செருப்பைக் கழற்றி, தலைக்கு உறை மாட்டி,
தூசி நுழையாத அறைக்குள் நான் நுழைகிறேன்.

"பம்பு கம்பெனிங்களா?" என்பார்கள்
ஒரம்பரை வந்தவர்கள்.
பம்பென்றால் எங்கள் பக்கம் மூன்றே கேள்வி:
எத்தனை எச்பி, எத்தனை அடி, எத்தனை இஞ்சு.
எங்கள் பம்பின் ஈரக்குலை
தபால்தலை அளவில் ஒரு பிளாஸ்டிக் வில்லை.
உள்ளே தலைமுடி அகலத்தில் வாய்க்கால்,
மடைக்கு ஒரு சிலிக்கோன் தோல்.
மணிக்கு ஒரு மில்லியில்
பத்தில் ஒரு பங்கு.
"அதுல ஒரு கத்திரி நாத்துப் பொழைக்குமா?"
நங்கையா சிரித்தாள்.

பிழைக்காது.
ஏழாம் மாதத்தில் அவசரப்பட்டு வந்து
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற
முக்கால் கிலோவுக்கு அதுவே வெள்ளம்.

பூதக்கண்ணாடியின் கீழே தண்ணீருக்கு வேறு குணம்.
சிவப்புச் சாயமும் நீலச் சாயமும்
ஒரே வாய்க்காலில் சேர்த்து விட்டாலும்
கலப்பதில்லை. பக்கம் பக்கமாய்ப் போகின்றன,
பேச்சு நின்றுபோன பங்காளிகள்
ஒரே இட்டேரியில் போகிற மாதிரி.
வரப்பில் மட்டும் நூலளவு ஊதா.

நாற்பத்தேழாம் லாட்.
ஆயிரத்து நூற்று நாற்பது வில்லைகள்.
மணிக்கணக்கு அறிக்கை சுத்தம்:
பிழை இரண்டு சதவீதம், ஐந்து வரை போகலாம்.
முத்திரை குத்தினால் பொழுதோட
பீளமேட்டில் விமானம் ஏறிவிடும்.
எனக்கு என்னமோ கை வரவில்லை.

ஒன்றை எடுத்து மாட்டினேன்.
துளி ஆவியாகாமல் மேலே எண்ணெய் விட்டு,
மூச்சு படாமல் தராசோரம் உட்கார்ந்து
நிமிடத்துக்கு நிமிடம் எழுதினேன்.
சுழியம்.
சுழியம்.
பேனாவை மாற்றினேன், சுழியம்.
பதினெட்டு நிமிடம்
பெட்டிக்குள் இருக்கிற அதற்கு
ஒன்றுமே போகவில்லை.
பத்தொன்பதில் தோல் பசை விட்டுத் திறந்தது.
தேங்கியதெல்லாம் ஒரே மடக்கு.
மறுபடி சுழியம்.
எட்டிப் பார்த்த நஸ்ரின்
நாற்காலியை இழுத்துப் போட்டு என்னருகே உட்கார்ந்தாள்.
இன்னும் ஆறு மாட்டினோம். நான்கு அப்படியே.

தனபால் சார் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"மணிக்குச் சராசரி சரியா இருக்குதுங்களே."
கோபமில்லை.
போன மாத வட்டி அவர் முகத்தில் இருந்தது.

"சராசரி சரிதானுங்க.
சராசரிக்கு நொய்யல்லயும் தண்ணி ஓடுது.
பத்து மாசம் மணலும் பாலிதீனும்,
ரெண்டு நாள் பாலத்துக்கு மேல நுரை.
கூட்டி வகுத்தா
வருசம் பூராக் கணுக்காலளவு தெளிஞ்ச ஆறு.
அந்த ஆத்துல
யாருங்க எறங்கிக் குளிச்சது?"

சொன்ன பிறகுதான் தொண்டை வறண்டது.
அவர் கதவைத் திறந்து வெளியே போனார்,
திறந்த இடுக்கில் லேத் சத்தம் வந்து போயிற்று.
திரும்பி வரும்போது கையில்
செவ்வாய்க்கிழமை அடுப்புப் பதிவேடு.
மின்தடை நாற்பது நிமிடம்.
ஆறி, மறுபடி சூடாகி, தோல் ஒட்டிய கதை
அங்கே பென்சிலில் இருந்தது.
"எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிருங்க" என்றார்.
யாரிடம் என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ராத்திரி ராய்ச்சூரிலிருந்து கூப்பிட்டார் வீட்டுக்காரர்,
திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போனவர்.
பின்னால் இன்னும் துளைத்துக்கொண்டிருந்தது.
"ஆயிரத்து நூறடி, பொகைதான் வருது.
காட்டுக்காரன் கல்லு மேல உக்காந்திருக்கான்,
எந்திரிக்கவே மாட்டேங்கறான்.
உனக்கென்ன இன்னிக்கி?"

"பதினெட்டு நிமிசம் ஒண்ணுமே வரலைங்க.
அப்புறம் மொத்தமா வந்துருச்சு."

"குடுத்து வெச்ச கை உனக்கு" என்றார்.

சிரித்துவிட்டேன். விளக்கவில்லை.
காலையில் ஆயிரத்து நூற்று நாற்பதையும்
எண்ணி ஓரங்கட்ட வேண்டும்,
அரிசி வேறு ஊறப் போடவில்லை.